ஸ்டாப் போர்டு கேட்டுப் போனோம், பார்க்கிங்கை எடுக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க

தெருக்கோடி

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சுட்டு மட்டும் போற ஆள் நான், இன்னைக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுதுறேன், நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

எங்க தெரு ரெண்டு மெயின் ரோட்டுக்கு நடுவுல இருக்கு. சாயங்காலம் மெயின் ரோட்டு சிக்னல்ல நிக்கப் பிடிக்காதவன் எல்லாம் எங்க தெருவுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிடுறான். நடுவுல ஒரு சின்னச் சந்து வந்து சேரும், அந்த முக்குலதான் தலைவலி. நாலஞ்சு மாசம் முன்னாடி சைக்கிள்ல வந்த ஒரு பையன் கார் பம்பருக்கும் அவனுக்கும் ஒரு கை இடைவெளில தப்பிச்சான், நான் பால்கனில இருந்து பார்த்துட்டே இருந்தேன், கத்தக்கூட வாய் வரல.

உடனே வீடு வீடா ஏறி இறங்கி 61 கையெழுத்து வாங்கி, எல்லாப் பக்கமும் ஸ்டாப் போர்டு வேணும்னு நகரப் போக்குவரத்துக் கமிட்டிக்கு மனு குடுத்தேன். மூணு மாசம் கழிச்சு கூப்ட்டாங்க. எங்களுது ஒன்பதாவது ஐட்டம். ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டு, பேச மூணே நிமிஷம். நான் அந்தப் பையன் கதையைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸர் அடிச்சுட்டாங்க.

அப்புறம் இன்ஜினியர் எழுந்திரிச்சார். எங்க தெரு வேக வரம்பு 40, 85ஆவது பெர்சென்டைல் 41தான் வருது, மூணு வருஷமா அந்த முக்குல ஒரு விபத்துகூட பதிவாகல, ஸ்டாப் போர்டுக்குத் தகுதி இல்லைன்னார். அதோட விட்டாரா? முக்கு வரைக்கும் வேனும் காரும் ஒட்டி ஒட்டி நிக்கிற போட்டோவைத் திரையில போட்டு, மூலைல இருந்து ரெண்டு பக்கமும் ஆறு மீட்டர் பார்க்கிங்கை எடுக்கணும்னு சிபாரிசு பண்ணிட்டார். கமிட்டியும் தலையாட்டிடுச்சு.

இப்ப கையெழுத்துப் போட்ட ஆளுங்களே என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. "ஸ்டாப் போர்டு வாங்கிட்டு வாடான்னா இருந்த பார்க்கிங்கையும் தொலைச்சுட்டு வந்துட்டான்"னு பேச்சு. நியாயமா சொல்லுங்க, இது தட்டிக்கழிக்கிற வேலைதானே?

ஹாரன்வேணாம்

வேறென்ன? ஒரு விஷயம் நடக்கக் கூடாதுன்னா அதுக்கு ஒரு கமிட்டி போட்டா போதும் ப்ரோ. "விபத்து பதிவாகல"ன்னா என்ன அர்த்தம், ஒரு உசுரு போனாத்தான் போர்டு வைப்பாங்கன்னு அர்த்தம். இவங்க வீட்டு வாசல்ல இப்படி நடந்தா ராத்திரியோட ராத்திரியா நாலு போர்டு நட்டிருப்பாங்க.

கணக்குப்பிள்ளை

தம்பி, நான் இந்த மாதிரி ஒரு கமிட்டில குடியிருப்போர் சார்பா நாலு வருஷம் உக்காந்திருந்தவன். எந்த ஊர்னு கேக்காதீங்க. திட்டுறதுன்னா திட்டுங்க, அதுக்கு முன்னாடி உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடுறேன்.

முதல்ல ஒண்ணு, பெரும்பாலான இடத்துல கமிட்டிக்கு அதிகாரமே கிடையாது. அது சிபாரிசு பண்ணும், ஓட்டுப் போட்டு முடிவெடுக்கிறது கவுன்சில். நாங்க பன்னெண்டு பேர் மேஜையைச் சுத்தி உக்காந்து சண்டை போட்டு அனுப்புன தாள் பட்ஜெட் நேரத்துல அலமாரிக்குள்ள போன கதை ஏராளம்.

ரெண்டாவது, ஸ்டாப் போர்டு. வேகத்தைக் குறைக்க ஸ்டாப் போர்டு வைக்கக் கூடாதுங்கறது துறைல ரொம்ப நாளா இருக்குற விதி. அமெரிக்காவுல எல்லா ஊருக்கும் பொதுவா ஒரு போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு இருக்கு, அதோட 2009 பதிப்புல இதை நேரடியாவே எழுதியிருக்காங்க. எல்லாப் பக்கமும் ஸ்டாப் வைக்கணும்னா, அந்தப் போர்டு இருந்திருந்தா தவிர்த்திருக்கலாம்ங்கற மாதிரியான விபத்து 12 மாசத்துல 5 நடந்திருக்கணும், இல்லைன்னா மணிக்கு இத்தனை வண்டின்னு ஒரு அளவு தாண்டணும். ஏன் இப்படி வச்சாங்கன்னா, குறுக்க யாருமே வராத முக்குல தினமும் நிக்கச் சொன்னா, ஒரு வாரம் நிப்பான், ரெண்டாவது வாரம் மெதுவா உருட்டுவான், மூணாவது வாரம் போர்டையே பார்க்க மாட்டான். போர்டை நம்பி ரோட்டுல கால் வைக்கிற பையனுக்குத்தான் அப்ப ஆபத்து. அதோட, நின்ன கடுப்புல அடுத்த நூறு மீட்டர் இன்னும் மிதிப்பான்.

மூணாவது, ஹாரன் தம்பி சொன்னதுல பாதி சரி. மயிரிழைல தப்பிச்சது எந்த ரிஜிஸ்டர்லயும் ஏறாது. ரிஜிஸ்டர்ல இல்லாதது கமிட்டி கண்ணுக்குத் தெரியாது. இது எனக்கே உறுத்துன விஷயம். ஆனா இதுக்கு மறுபக்கமும் இருக்கு, சின்ன முக்குல ஒரு வருஷம் மூணு விபத்து நடக்கும், அடுத்த வருஷம் யாரும் ஒண்ணும் செய்யாமலே சைபர் ஆயிடும். நடுவுல ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டிருந்தா "பார்த்தியா எங்க ஸ்பீட் பிரேக்கர்"னு மார்தட்டிக்கலாம், அவ்ளோதான். நாங்களும் ஒரு தடவை தட்டிக்கிட்டோம்.

மூலை பார்க்கிங்கைப் பொறுத்தவரைக்கும் உங்க இன்ஜினியர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கோச்சுக்காதீங்க.

தெருக்கோடி

கணக்குப்பிள்ளை சார், கோவம் இல்ல. ஆனா இந்த 85 சமாச்சாரம் எனக்கு இன்னும் புரியல. 41 எங்க இருந்து வந்துச்சு? நான் பால்கனில நின்னு பார்க்கும்போது பறக்குறானுங்களே.

கணக்குப்பிள்ளை

நூறு வண்டியோட வேகத்தை மெதுவா போறதுல இருந்து வேகமா போறது வரைக்கும் வரிசையா அடுக்குங்க. 85ஆவது வண்டியோட வேகம் எதுவோ அதுதான். மிச்சம் 15 பேர் அதுக்கு மேல போறான். நீங்க பால்கனில இருந்து பார்த்து ஞாபகம் வச்சிருக்கிறது அந்தப் பதினஞ்சு பேரைத்தான். மெதுவா போன எண்பத்தஞ்சு பேரை எவன் ஞாபகம் வச்சுக்கறான்.

ஆனா இந்த அளவுகோல் மேலயே எனக்கு ஒரு குறை உண்டு. "பெரும்பாலான டிரைவருக்கு நியாயமான வேகம் எதுன்னு தெரியும், அதை ஒட்டி வரம்பு வைப்போம்"ங்கற நினைப்புல பொறந்தது இது. ஹைவேக்கு சரி. வீட்டு வாசல்ல? டிரைவருக்குத் தன் வேகம் சுகமா இருக்கான்னுதான் தெரியும், அடி வாங்கப் போறவனுக்கு எப்படி இருக்கும்னு தெரியாது. 30ல போற வண்டி 50ல போனா அதுல இருக்குற சக்தி ரெண்டே முக்கால் மடங்கு ஆயிடும், வேகத்தோட வர்க்கம் இல்லையா. பிரிட்டன் ஓட்டுநர் கையேட்டுல டிரைவர் சுதாரிக்கிற நேரமும் சேர்த்து வண்டி நிக்கிற மொத்தத் தூரம் போட்டிருப்பாங்க பாருங்க, மணிக்கு 20 மைல்ல 12 மீட்டர், 30 மைல்ல 23 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான் ஏறுது, நிக்கிற தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாயிடுது. உங்க முக்குல அந்தப் பதினோரு மீட்டர்லதான் பையன் இருக்கான்.

அப்புறம் ஒரு கேள்வி. எண்ணிக்கை எடுக்க ரோட்டுக்குக் குறுக்க கறுப்பு ரப்பர் டியூப் ரெண்டு போட்டிருப்பாங்க, சக்கரம் ஏறுறப்ப காத்து அழுத்தத்துல கணக்கு ஏறும், முதல் டியூபுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஆன நேரத்தை வச்சு வேகம் வரும். அதை உங்க தெருவுல எந்த எடத்துல போட்டாங்க, பார்த்தீங்களா?

தெருக்கோடி

பார்த்தேன் சார், முக்குக்குப் பக்கத்துல, எங்க பக்கத்து வீட்டுக் கேட்டுக்கு நேரா. டியூப் அடிச்ச ஆணி ஓட்டை இன்னும் இருக்கு. முக்குல இருந்து ஒரு இருபது அடி இருக்கும்.

கணக்குப்பிள்ளை

இருபது அடியா!! அங்க எவனா இருந்தாலும் பிரேக்ல கால் வச்சிருப்பானே. போங்க, இதை முதல்ல எழுதி அனுப்புங்க. தெரு நடுவுல, முக்குல இருந்து தள்ளி, டியூப் மேலயோ ஒட்டியோ வண்டி நிக்காத இடமா பார்த்து மறுபடி எண்ணச் சொல்லுங்க. "ஸ்டாப் போர்டு வேணும்"னு எழுதாதீங்க. "இந்த இடத்துல இது நடக்குது, இத்தனை மணிக்கு, இந்தத் திசைல"ன்னு எழுதுங்க. மருந்துப் பேரை நீங்களே சொன்னா அவங்க அந்த மருந்துக்கு ஆம், இல்லைன்னு மட்டும் பதில் சொல்லிட்டு ஃபைலை மூடிடுவாங்க. நோயைச் சொன்னா அவங்கதான் மருந்து தேடியாகணும்.

ஜன்னலோரம்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். தெருக்கோடி, அடுத்து எல்லாரும் உங்களை ஸ்பீட் பிரேக்கர் கேளுங்கன்னு ஏத்தி விடுவாங்க, அதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுடுங்க. நாங்க கேட்டு வாங்கினோம். வாங்கின அன்னைக்கு கைதட்டினது நான்தான். இப்ப அது என் படுக்கையறை ஜன்னல்ல இருந்து எட்டு அடி. ராத்திரி ஒண்ணரை மணிக்கு காலி லாரி ஏறி இறங்குறப்ப முதல்ல டம், அப்புறம் பின்னாடி கதவோட சங்கிலி கலகலகல, அப்புறம் கியர் மாத்தி உறுமிட்டுப் போறது, மூணும் வரிசை மாறாம நடக்கும். என் வீட்டுக்காரர் தூக்கத்துலயே "கலகல"ன்னு சொல்ற அளவுக்கு ஆயாச்சு.

அதுவும் ஒழுங்கா போட்டா இவ்ளோ சத்தம் வராதாம். எங்களுக்குப் போட்டது குட்டையா செங்குத்தா, சுவர் மாதிரி. அப்புறம்தான் தேடிப் படிச்சேன், 1970கள்ல பிரிட்டன் ஆய்வுக்கூடத்துல உருவாக்கின வடிவம் வண்டி போற திசைல 3.7 மீட்டர் நீளம், உச்சில 10 சென்டிமீட்டர் உயரம், மெதுவா ஏறி மெதுவா இறங்கும். சின்னதா இருக்கறதுல ஒரு கோமாளித்தனமும் இருக்கு, வேகமா போனா சஸ்பென்ஷனே அதை முழுங்கிடும், ஒழுங்கா மெதுவா போறவன் முதுகுதான் போகும்.

சைரன்

தீயணைப்பு வண்டி ஓட்டுறவன் நான். கமிட்டி அஜெண்டால "அவசர சேவை கருத்து"ன்னு ஒரு வரி வரும் பாருங்க, அந்த வரி எங்க ஸ்டேஷன்ல இருந்துதான் போகும். ஒவ்வொரு பிரேக்கரும் எங்களுக்கு சில செகண்டு. ஒண்ணுன்னா பரவால்ல, ஒரே வழில ஆறு இருந்தா யோசிச்சுப் பாருங்க. ஆம்புலன்ஸ்ல பின்னாடி படுத்திருக்குறவருக்கு முதுகெலும்பு அடிபட்டிருந்தா செகண்டை விடுங்க, அந்தக் குலுக்கலே ஆபத்து.

அதுக்காக வேணாம்னு சொல்லல. குஷன்னு ஒரு வகை இருக்கு. ரோடு முழுக்க இல்லாம தனித்தனித் திண்டா போடுவாங்க, எங்க வண்டி சக்கரம் ரெண்டு பக்கமும் அகலம், திண்டைத் தொடாம தாண்டிடும். கார் சக்கரம் ஒரு பக்கமாவது ஏறியே ஆகணும். ஆனா திண்டுக்குப் பக்கத்துல எவனாவது காரை நிறுத்திட்டா நானும் ஏறித்தான் போகணும், ஆகக்கூடி கதை மறுபடி பார்க்கிங்லதான் வந்து நிக்குது.

பக்கத்துத்தெரு

உங்க தெருவுல போட்டா அந்த வண்டியெல்லாம் ஆவியா போயிடுமா? எங்க தெருவுக்குத்தான் வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்துச்சு. அடுத்த தெருக்காரங்க நல்லா எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க, மீட்டிங்குக்கு லீவு போட்டுட்டுப் போக முடிஞ்சவங்க, கேட்டு வாங்கிட்டாங்க. எங்க தெருவுல பாதிப் பேருக்கு ராத்திரி ஷிஃப்ட், சாயங்காலம் ஏழு மணி மீட்டிங்குக்கு யார் போறது. கையெழுத்து 61ன்னு பெருமையா போட்டிருக்கீங்க, மனுவே வராத தெருவுல பிரச்சனை இல்லைன்னு அர்த்தமா?

கணக்குப்பிள்ளை

பக்கத்துத்தெரு அக்கா, உங்க பதிவை எங்க பழைய கமிட்டி வாசல்ல ஒட்டணும். நாலு வருஷத்துல எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். கடைசி வருஷம் நாங்க ஒரு மாத்தம் கொண்டு வந்தோம், தெருத் தெருவா மனுவை எடுக்காம ஒரு பகுதியையே மொத்தமா எடுத்து, வேகம், வண்டி எண்ணிக்கை, விபத்து, நடைபாதை இருக்கா, பள்ளிக்கூடம் பக்கமா, எல்லாத்துக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்துறது. மனு குடுத்தவங்களுக்கு அதுக்குன்னு மார்க் கிடையாது. அன்னைக்கு மீட்டிங்ல நான் வாங்கின திட்டு இருக்கே, அப்பா. வரிசைல மேல வந்த தெரு எதுக்கும் ஒரு மனுகூட வந்தது கிடையாது.

ஹாரன்வேணாம்

இவ்ளோ தலையைப் பிச்சுக்காம நெதர்லாந்துக்காரன் செஞ்ச மாதிரி செய்யலாமே. டிராக்டன்னு ஒரு ஊர்ல ஹான்ஸ் மொண்டர்மன்னு இன்ஜினியர், முக்கியமான சந்திப்புல சிக்னலையே கழட்டிட்டார், போர்டும் கிடையாது. யார் முன்னாடி போறதுன்னு தெரியாததால எல்லாரும் மெதுவா, கண்ணைப் பார்த்து வழி விட்டுப் போறாங்க. போர்டு வச்சாத்தான் மனுஷன் மூளையைக் கழட்டி வைக்கிறான்.

வெள்ளைக்கோல்

கண்ணைப் பார்த்துப் போகலாம்னு சொல்றீங்க. எனக்குக் கண் தெரியாது.

நடைபாதை விளிம்புல இருக்குற அந்தச் சின்னப் படி எனக்கு சுவர் மாதிரி. கோல் அதுல தட்டுறப்பதான் ரோடு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும். எல்லாத்தையும் ஒரே மட்டமா அழகா கல்லு பாவிட்டா, நான் நிக்கிறது நடைபாதையா வண்டி பாதையான்னு தெரியாம நிப்பேன். இங்கிலாந்துல இதே புகார் மேல 2018ல அந்த நாட்டு அரசு, ஒரே மட்டத்துல போடுற அந்த மாதிரித் திட்டங்களை நிறுத்தி வைக்கச் சொல்லி உள்ளாட்சிகளுக்கு எழுதுச்சு. எலக்ட்ரிக் வண்டி வந்ததுக்கப்புறம் காதும் முன்ன மாதிரி உதவுறதில்ல.

முதல் பதிவுல சொன்ன மூலை பார்க்கிங் விஷயத்துல நான் இன்ஜினியர் பக்கம். முக்கை மறிச்சு நிக்கிற வேனோட சைடு கண்ணாடி என் நெத்தி உயரம், ரெண்டு தடவை வாங்கியிருக்கேன்.

ஹாரன்வேணாம்

சாரி சார். இந்தக் கோணத்துல நான் யோசிச்சதே இல்ல. அதே நாட்டுலதான் இன்னொண்ணும் இருக்கு, டெல்ஃப்ட்ல ஆரம்பிச்ச வூனெர்ஃப், 1976லயே சட்டமா கொண்டு வந்தாங்க. குடியிருப்புத் தெருவுல வண்டி நடக்குற வேகத்துலதான் போகணும்னு. அதுலயும் படி கிடையாதுதானே?

வெள்ளைக்கோல்

பெரும்பாலும் கிடையாது. ஆனா நடை வேகம்னா எனக்குப் பயம் குறைவு. எந்த வேகம்ங்கறதுதான் முதல் கேள்வி, படி ரெண்டாவது.

மட்டுறுத்துநர்

வேன்காரர்களைப் பற்றி ஒருமைல போட்ட மூணு கமெண்டைத் தூக்கியிருக்கேன். தலைப்போட நில்லுங்க.

தெருக்கோடி

ஏழு வாரம் கழிச்சு அப்டேட். கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரியே செஞ்சேன்.

முதல்ல ஒரு சனிக்கிழமை காலைல பிளாஸ்டிக் சேர் ஒண்ணை எடுத்துட்டுப் போய் சந்து வாய்ல, வண்டி நிக்கிற கோட்டுக்குப் பக்கத்துல போட்டு உக்காந்தேன். கார் ஓட்டுறவர் கண் உயரத்தை இன்ஜினியருங்க 1.08 மீட்டர்னு எடுத்துப்பாங்கன்னு ஒரு எடத்துல படிச்சேன், சேர்ல உக்காந்து தலையைக் குனிஞ்சா அந்த உயரம் வருது. அங்க இருந்து பார்த்தா வலது பக்கம் எனக்குத் தெரிஞ்சது வேனோட பின்கதவு, அதுல ஒட்டியிருந்த ஸ்டிக்கர், அவ்ளோதான். ரோடே இல்ல. பால்கனில இருந்து பார்க்குற எனக்கு முழு ரோடும் தெரியுது, ஓட்டிட்டு வர்றவனுக்கு ஒண்ணும் தெரியல. அந்தப் பையனை இடிக்க வந்த காரை அன்னைக்கு நான் திட்டின திட்டு கொஞ்சமில்ல. அந்த ஆளும் எதையும் பார்த்திருக்க முடியாது.

அங்கேயே ஒரு போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட்ட வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனேன். சண்டை போட்டவங்கள்ல நாலு பேரை சேர்ல உக்காரச் சொன்னேன். மூணு பேர் ஒண்ணும் சொல்லாம எழுந்திரிச்சுட்டாங்க. வேனுக்குச் சொந்தக்காரர் உக்கார மாட்டேன்னுட்டார்.

ரெண்டாவது, டியூப் போட்ட இடம் தப்புன்னு எழுதினேன், ஆணி ஓட்டை போட்டோவோட, டேப் வச்சு அளந்து. கமிட்டி செக்ரட்டரி அம்மா போன்ல ரொம்ப மரியாதையாவே பேசினாங்க, மறுபடி ஏழு நாள் வச்சாங்க, தெரு நடுவுல. இந்தத் தடவை 85ஆவது வண்டி 52. அதே இன்ஜினியர்தான் மீட்டிங்ல எழுந்திரிச்சு "முதல் எண்ணிக்கை எடுத்த இடம் சரியில்லை"ன்னு மைக்ல சொன்னார். எனக்கு அவர் மேல இருந்த கோவத்துல பாதி அப்பவே போச்சு.

ஸ்டாப் போர்டு இப்பவும் கிடையாது. கிடைச்சது என்னன்னா, மூலை ரெண்டுலயும் ஆறு மீட்டருக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சு பிளாஸ்டிக் குச்சி நட்டிருக்காங்க, ஆறு மாசம் டிரையல். தெரு நடுவுல ரெண்டு இடத்துல குஷன், அதுவும் எந்த ஜன்னலுக்கும் நேரா வராம பார்த்துப் போடச் சொல்லிட்டேன், ஜன்னலோரம் அக்கா ஞாபகமா. அப்புறம் பக்கத்துத்தெருன்னு ஒருத்தர் எழுதினதைப் பேர் சொல்லாம அப்படியே வாசிச்சேன், மூணு நிமிஷத்துல ஒன்றரை நிமிஷம் அதுக்கே போச்சு. பின்னாடி தெருவுலயும் டியூப் போட்டு எண்ணிட்டுத்தான் குஷன் வேலை ஆரம்பிக்கணும்னு மினிட்ஸ்ல ஏத்தியிருக்காங்க. இதனால எங்க வேலை தள்ளிப்போகும், எங்க ஆளுங்ககிட்ட இன்னும் சொல்லல.

பக்கத்துத்தெரு

நான் உங்க ஊரே இல்ல. இருந்தாலும் நன்றி.

சைரன்

குஷன் அகலம் எவ்ளோன்னு பிளான்ல பார்த்துடுங்க, உங்க ஊர் தீயணைப்பு வண்டியோட சக்கர இடைவெளி அளவைக் கேட்டு வாங்கித்தான் போடணும். இல்லைன்னா பேருக்குத்தான் குஷன்.

கணக்குப்பிள்ளை

அமெரிக்காவுல ஹோபோக்கன்னு ஒரு சின்ன நெருக்கமான நகரம், மூலை பார்க்கிங்கை எடுக்குறதை வருஷக்கணக்கா முக்கு முக்கா செஞ்சுட்டே வந்தாங்க, வேற வேலைகளும் சேர்ந்துதான், 2017ல இருந்து பல வருஷம் ஒரு ரோட்டுச் சாவு இல்லாம ஓட்டினாங்க. கலிஃபோர்னியாவுல இப்ப கிராஸிங்ல இருந்து 20 அடிக்குள்ள வண்டி நிறுத்தக் கூடாதுன்னு சட்டமே ஆயிடுச்சு, 2025ல இருந்து அபராதம். வேன்காரர்கிட்ட சொல்லிப் பாருங்க, கேக்க மாட்டார்.

தம்பி, டிரையல் முடியுறப்ப மறுபடி எண்ணுவாங்க. அதுவும் அதே இடத்துல, அதே கிழமைகள்ல, லீவு இல்லாத வாரமா இருக்கணும். இப்பவே எழுதிக் குடுத்துடுங்க.

தெருக்கோடி

எழுதிட்டேன் சார். டியூப் இருந்த இடத்துல பெயின்ட்ல ஒரு புள்ளியும் வச்சுட்டேன்.

நேத்து காலைல மூணாவது குச்சி சாய்ஞ்சு கெடந்துச்சு, மேல டயர் தடம். வேன் அதுக்கு அந்தப் பக்கம் நிக்குது, கோட்டுக்கு உள்ள அரை அடி. போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன், புகார் எண் வந்திருக்கு. சேரை வாசல்லயே வச்சிருக்கேன்.